பாய் உடைப்புக்கு ஒரு டிக்கெட்

தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் என்னிடம் முதலில் மன்னிப்புக் கேட்டவர் ஒரு பீகார்க்காரர். தலையில் மூட்டையோடு கூட்டத்தில் புகுந்து வந்தவர், மூட்டையால் என் தோளை இடித்துவிட்டு, "மாஃப் கீஜியே பாபுஜி" என்றார். பரவாயில்லை என்று நான் இந்தியில் சொன்னதும் நின்றுவிட்டார். எங்கள் பக்கமா நீங்கள் என்று ஆசையாகக் கேட்டார். "இல்லை, நான் இந்த ஊர்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. ஐந்து வருடம் கழித்து வந்தவன், எந்தப் பக்கம் வெளியேறுவது என்று தெரியாமல் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவரே வாசலைக் காட்டிவிட்டுப் போனார்.

மாஃப். அந்த ஒரு சொல்தான் என்னைக் கோலாலம்பூரிலிருந்து இங்கே இழுத்து வந்திருந்தது.

டெல்லியில் ஒரு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஓய்வு பெற்றபின் தஞ்சாவூரில் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு இருந்தேன். அவள் போனபின், மகள் வந்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, என்னைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய்விட்டாள். பதினான்காவது மாடி. காலையில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனால், மாலை ஏழு மணிவரை நான் பேசுவதற்கு மின்தூக்கியின் அறிவிப்புக் குரலைத் தவிர வேறு குரல் இல்லை.

எதிர்வீட்டில் ஒரு மலாய்க்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன பெருநாள் காலையில் பிஸ்கட் டப்பாவோடு வந்து, என் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்றார். வெளியே தெரிந்ததற்கும் உள்ளே கிடப்பதற்கும் மன்னித்துவிடுங்கள் என்று பொருள். அவர்கள் பெருநாள் வாழ்த்தே இதுதான். மின்தூக்கி வாசலில் தலையாட்டிக்கொள்வதைத் தவிர எங்களுக்குள் ஒன்றும் கிடையாது. மன்னிக்க என்ன இருக்கிறது? ஆனால் அவர் என் கையை விடவில்லை. பதிலுக்கு நானும் அதையே சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். "சொல்லுங்கப்பா, அவ்வளவுதான்" என்றாள் மகள். எனக்கு வாய் வரவில்லை. உள்ளே கிடப்பது என்று அவர் சொன்னதுமே கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். புரட்டாசி கடைசியில்தான் கிளம்பினேன். பழைய நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். பாதி உண்மை. ஒரே நண்பன். பெயர் ஜமால்.

முதல் நாள் வேறு எதுவும் செய்யவில்லை. விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, நானும் மனைவியும் வழக்கமாகப் போகும் ஓட்டலுக்குப் போனேன். இட்லிக்குக் கடப்பா வாங்கிக்கொண்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பு வாசனையோடு எங்கள் பக்கம் செய்கிற குழம்பு அது. கோலாலம்பூரில் காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் சாப்பிடுவார்கள். பழகினால் நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டாம் முறை கேட்காமலேயே குழம்பு ஊற்றும் ஆள் அங்கே கிடையாது. இங்கே இருந்தார். "தனியாவா வந்தீங்க சார்? அம்மா வரலையா?" என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வெளியே வந்தபோது ஒருவர் கை நீட்டினார். சில்லறை தேடும்போது டெல்லியின் முதல் வருடம் நினைவுக்கு வந்தது. பஸ் நிறுத்தத்தில் கை நீட்டிய கிழவரிடம் என் அலுவலக நண்பர், "மாஃப் கரோ பாபா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பிச்சைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு இவர் என்ன கெடுதல் செய்தார் என்று நான் அன்றிரவு முழுக்க வியந்தேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே அதற்கு 'ஒன்றுமில்லை, போ' என்று பொருள். எவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்துகிறது அந்தச் சொல்!

இரண்டாம் நாள் ஊருக்கு பஸ் ஏறினேன். மன்னார்குடி தாண்டிப் போகவேண்டும். ஒரத்தநாட்டில் பாதி பஸ் காலியாகி ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ள போகாதுங்க. பாய் உடைப்புல எறக்கி விடுறேன். அங்கேர்ந்து பத்து நிமிஷம் நடை."

"எது?"

"பாய் உடைப்பு. ஸ்டாப்புங்க." கையிலிருந்த மெஷினை அழுத்தி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதிலும் அப்படியே அச்சாகியிருந்தது.

"அது ஏன் தம்பி அந்தப் பேரு?"

"யாருக்குத் தெரியும்? எதாவது பாய் கடை வச்சிருந்திருப்பாரு, தட்டுமுட்டு எல்லாம் உடைஞ்சிருக்கும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக்கு முன் ஐப்பசியில் நான் டெல்லியிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். அப்பா படுக்கையில் இருந்தார். நான்கு நாள் விடாத மழை. எங்கள் வயல் வடிவாய்க்காலின் மேற்குப் பக்கம். வயலில் தேங்கும் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால் அது. அது நிரம்பி, எங்கள் தண்ணீரை வாங்க மறுத்தது. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. அப்பா மணிக்கொரு தரம் கட்டிலிலிருந்தே கேட்பார்: "நுனி தெரியுதா?" தெரியவில்லை.

கிழக்குக் கரையை வெட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் எங்கள் பக்கம் வடிந்துவிடும். கிழக்கே தாழ்ந்த பூமி. அங்கே எட்டு வீட்டாரின் வயல். அவர்கள் பயிர் அடியோடு போய்விடும். அதனால்தான் அந்த மாதிரி நாட்களில் ஊரே முறைபோட்டுக் கரைக்குக் காவல் இருக்கும். அன்றைய விடியற்காலை முறை ஜமாலுடையது. எங்கள் வயலை ஒட்டி அவனுக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். பள்ளியில் ஒரே பெஞ்சு. மாப்ள, மாப்ள என்றுதான் கூப்பிடுவான். விடியும் முன் அவன் தொழப் போவான் என்று எனக்குத் தெரியும். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காக எங்கள் வயல் கொட்டகையில் மண்வெட்டியோடு காத்திருந்தேன்.

வெட்டினேன். தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போன சத்தம் இப்போதும் கேட்கிறது. வீட்டுக்கு ஓடிவிட்டேன். தொழுதுவிட்டு வந்த ஜமால் உடைப்பைப் பார்த்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தனியாளாக அதை அடைத்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் வந்து ஊர் ஓடிவந்தபோது, உடைப்புக்குள் மண்வெட்டியோடு நின்றவன் அவன்தான். அவனுடைய பயிரும் பிழைத்திருந்தது. அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. "நான் வெட்டல" என்றான். "அப்ப யாரு வெட்டுனா?" "பாக்கல." டெல்லியில் வேலை பார்க்கும் படித்தவன் என்று என் பக்கம் திரும்பினார்கள். நீங்க எதும் பாத்தீங்களா? "நானும் பாக்கலை" என்றேன். அடுத்த போகத்துக்கு ஜமால் வயலில் நடவுக்கு ஒரு ஆள் இறங்கவில்லை. உழ மாடு தரவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தை நாகூரில் வைத்துவிட்டு, அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான்.

"பாய் உடைப்பு எறங்குறவங்க வாங்க!" என்றார் நடத்துநர்.

இறங்கினேன். நிழற்குடை, குப்பைத் தொட்டி. வாய்க்காலுக்கு இப்போது இரு பக்கமும் சிமென்ட் கட்டியிருக்கிறார்கள். வெட்டு விழுந்த இடத்தில் இரும்பு ஷட்டர். கிழக்கு வயலில் பத்துப் பன்னிரண்டு பேர் கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஆண்கள். ஒருவர் இடுப்பில் செருகிய கைப்பேசி வங்காளிப் பாட்டுப் பாடியது. என் நினைவில் நடவு என்றால் பெண்கள். இவர்கள் நாற்றைப் பிரிக்கும் வேகமே வேறு. வரப்பில் என்னைக் கடந்த ஒருவர், சேறு தெறித்துவிட்டதற்காக அதே சொல்லைச் சொன்னார். அவர் வாயில் அது 'மாப்' என்று குறுகியிருந்தது.

"சித்தப்பா! நீங்களா?"

கலியபெருமாள். கிழக்கு வயல் கோவிந்தசாமியின் மகன். ஐம்பது தாண்டிவிட்டது. கால் முழுக்கச் சேற்றோடு ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். "எப்ப வந்தீங்க? ஒரு போன் பண்ணக் கூடாதா? எளைச்சுப் போயிட்டீங்களே, சித்தி இல்லாம." நடவாட்களுக்கு வந்த டீயில் ஒரு குவளை ஊற்றி, வெல்லப் பூரணம் வைத்த சுழியம் ஒன்றையும் கையில் திணித்தார். நிழற்குடையில் உட்கார்ந்தோம்.

ஏதோ ஒரு அசட்டு தைரியத்தில் கேட்டேன். "இந்த இடத்துக்கு ஏன் இந்தப் பேர் வெச்சாங்க?"

"என்ன சித்தப்பா, தெரியாத மாதிரி கேக்குறீங்க? அப்ப ஊர்லதானே இருந்தீங்க. ஜமால் பாய் வெட்டி உட்டதுல எட்டு வீடும் போச்சு. அந்த வருஷந்தான் நான் ஏழாவதோட நின்னு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனேன். பதினெட்டு வருஷம். இல்லாட்டி நானும் உங்கள மாதிரி பேனா புடிச்சிருப்பேன்." சிரித்தார். "பேசுறதுல ஒண்ணும் இல்ல. விடுங்க. இன்னொரு சுழியம்?"

இதற்காகத்தான் நான்கு மணி நேரம் பறந்து வந்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது: "போதும்ப்பா. சர்க்கரை."

நாற்பது வருடத்துக்கு முன் பயம் இருந்தது, அப்பா இருந்தார், பயிர் இருந்தது. இப்போது என்ன இருந்தது? ஒரு குவளை டீயும் சித்தப்பா என்ற அழைப்பும்தான். அதை இழக்க மனம் வரவில்லை. மதிய பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பினேன். இரவு பசிக்கவில்லை.

மூன்றாம் நாள் நாகூர். திருவாரூர் தாண்டியதும் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரம்" என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது. எல்லோரும் புளிய மரத்தடியில் நின்று யாரிடமோ கைப்பேசியில் தாமதமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த மரத்தடியில் நின்றபடி அந்தச் சொல்லைப் பற்றித்தான் யோசித்தேன். கோலாலம்பூரில் ஆறு மாதமாக அகராதிகளைப் புரட்டியிருந்தேன். தொழில் புத்தி. செய்ய வேண்டியதைச் செய்யாமல் சொல்லின் வேரைத் தேடுவது எனக்கு எப்போதும் சுலபம். அது அரபியிலிருந்து வந்தது. அங்கே மூலச்சொல்லுக்கு ஒரு பொருள் சுவடு அழிதல். மணலில் பதிந்த காலடியைக் காற்று வந்து துடைத்துவிட்டுப் போவது. பாரசீகம் வழியே இந்திக்கு வந்தபோது வரி விலக்குக்கும் அதே பெயராகிவிட்டது. தீர்வை இல்லாத நிலத்தை வடக்கே மாஃபி நிலம் என்பார்கள். எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்றில்கூட 'மாப்பு' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி மலாயில் அது பெருநாள் வாழ்த்தாயிற்று.

தமிழில் நாம் சொல்வது வேறு. மன்னிப்பு என்பது எழுத்தில்தான். எங்கள் பக்கம் வீடுகளில், பொறுத்துக்கங்க என்பார்கள். பொறுத்தல் என்றால் சுமத்தல். அரபியில் காற்று துடைத்துவிடுகிறது. தமிழில் யாரோ ஒருவர் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. யார் தூக்கினார் என்பதும் எனக்குத் தெரியும்.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஜமால் தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தான். ஹஜ்ஜுக்குப் போகிறான். போகுமுன் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். வாசலிலேயே நின்றான். "மாப்ள, நான் எதும் தப்பு பண்ணியிருந்தா பொறுத்துக்க" என்றான். நான், அவன் வாழ்க்கையைக் கெடுத்த நான், அவன் தோளில் கை வைத்து, "பொறுத்துக்கிட்டேன் ஜமாலு, நல்லபடியா போயிட்டு வா" என்றேன். என் மனைவி காபி கொடுத்தாள். அவன் போனபின், "எவ்வளவு பெரிய மனசு பாருங்க" என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. அவள் தெரியாமலே போய்விட்டாள்.

நாகூரில் தர்கா அலங்கார வாசலைத் தாண்டி இரண்டாவது சந்தில் ஜமாலின் மருமகன் தொப்பிக் கடை வைத்திருக்கிறார். கடை முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஜமால். தாடி முழுக்க வெள்ளை. காதில் கருவி. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாடா டெல்லி வாத்தியாரே. இன்னும் சாகலையா?"

"நான் வாத்தியாரே இல்லடா."

"நாலு மொழி தெரிஞ்சவனெல்லாம் எனக்கு வாத்தியார்தான். உக்காரு. பசிக்குதா? உன் மூஞ்சியே சொல்லுது." மருமகனைக் கூப்பிட்டு இறால் வாடா வாங்கிவரச் சொன்னான். அரிசி மாவில் வெங்காயம் போட்டு, மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரிக்கிற நாகூர்ப் பலகாரம். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம். அவன் தடியை ஊன்றி மெதுவாக வந்தான். அலை இல்லாத மதியம். படகு நிழலில் உட்கார்ந்தோம்.

இம்முறை டீக்கு இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்ததும் சொன்னேன்.

"ஜமாலு, அந்தக் கரைய வெட்டுனது நான்."

அவன் வாயில் இருந்ததை மென்று முழுங்கினான். "தெரியும்" என்றான்.

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னைக்கே. உங்க வீட்டு மண்வெட்டி ஒரு மூலை உடைஞ்சது. ரெண்டு நாள் முந்தி நானே இரவல் வாங்கி வரப்பு கட்டுனேன், மறந்துட்டியா? உடைப்புல எறங்குனேன் பாரு, வெட்டுன வாய்ல கொத்துக்குக் கொத்து அந்த மூலை பதிஞ்சு கெடந்துச்சு. அந்த மண்ணை அள்ளித்தான் அடைச்சேன்."

"ஊர்ல ஏன்டா சொல்லல?"

"என்ன சொல்றது? தடம் எல்லாம் அடைச்ச மண்ணுக்குள்ள போச்சு. உங்கப்பா பெரிய மனுஷன். நீ டெல்லி. நான் காவலை உட்டுட்டுப் போனவன். எங்க போனேன்னு கேப்பாங்க. தொழப் போனேன்னு சொன்னா, அப்புறம் என்னை உட்டுட்டுத் தொழுகையைப் பேசுவாங்க. அதுக்கு நான் வெட்டுனேன்னே இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான்.

"ஹஜ்ஜுக்கு முந்தி உன் வீட்டுக்கு எதுக்கு வந்தேங்கிற? ரெண்டு பஸ் மாறி, இந்த முட்டி வலியோட? நீ வாயத் தொறப்பேன்னுதான். நீ என்னடான்னா சாமியார் மாதிரி என் தோள்ல கைய வச்சு, பொறுத்துக்கிட்டேங்கிற! உன் வீட்டு அம்மா காபி நல்லாப் போட்டுக் குடுத்தாங்க. அதான் பேசாம வந்துட்டேன்."

"அவ போயிட்டா ஜமாலு."

"கேள்விப்பட்டேன்." தடியால் மணலில் கோடு போட்டான். "நல்ல காபி."

"என்னை மாஃப் பண்ணிடு" என்றேன். ஏன் அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை. அவனுடைய சொல் என்று நினைத்தேனோ என்னவோ.

அவன் சிரித்துவிட்டான். "நான் கல்ஃப்ல எறங்கி மொதல்ல கத்துக்கிட்ட அரபி தெரியுமா? மாஃபி. இல்லைன்னு அர்த்தம். தண்ணி? மாஃபி. லீவு? மாஃபி. ஊருக்குப் பேசணும், போன்? மாஃபி. ஒரு பாகிஸ்தானி இருந்தான், அவன் மாஃபி மாஃபின்னு மன்னிப்புக் கேப்பான். அரபிக்காரன் 'என்ன இல்லை, என்ன இல்லை'ன்னு கத்துவான்."

இது வேறு சொல், அது வேறு வேர் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவன் கை காட்டி நிறுத்தினான். "சரிடா வாத்தியாரே, நிறுத்து. என் பங்கை நான் எப்பவோ உட்டாச்சு. ஹஜ்ஜுல அரஃபா மைதானத்துல நின்னு உன் பேரைச் சொல்லியே உட்டாச்சு. ஆனா என் பங்கு சின்னது மாப்ள. அங்க எட்டு வீடு இருக்கு. அவங்களுக்குப் பண்ணுனத நான் எப்படி உட முடியும்? எங்க மார்க்கத்துல அல்லாவே அதை அவங்க கையிலதான் குடுத்துட்டான். வாசல் வாசலா ஏறித்தான் கேக்கணும். நான் நாப்பது வாசல் ஏறுனேன், ஒரு தப்பும் பண்ணாம. உனக்கு எட்டுதான்."

பிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவன்போல, "பேத்தி போன்ல மேப்ல காட்டுனா. எனக்கு அங்க பஸ் ஸ்டாப்பெல்லாம் வச்சிருக்கீங்களாமே! எம்.எல்.ஏ.வுக்குக்கூட இல்ல" என்றான். சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் கையிலிருந்த வாடாவைப் பிறகு அவன் சாப்பிடவில்லை. காக்கைக்குப் போட்டுவிட்டான்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, திரும்பி எப்போது வருவேன் என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலையிலிருந்தே மழை. மறுநாள் திருச்சியில் விமானம். அதே பஸ், வேறு நடத்துநர். "எங்க?" என்றார்.

"பாய் உடைப்பு ஒண்ணு" என்றேன். வேறு பெயர் அந்த இடத்துக்கு இல்லை.

கலியபெருமாள் வயல் வரப்பில், தலையில் உரச்சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வடிவதற்கு மடை வெட்டிக்கொண்டிருந்தார். முந்தாநாள் நட்ட நாற்று நுனி மட்டும் தெரிந்தது. "என்ன சித்தப்பா, மழையில? நேத்தே போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். குடையை மடக்கிவிட்டுச் சொன்னேன். நீளமாக இல்லை. கொட்டகையில் காத்திருந்தது, ஜமால் தொழப் போனது, வெட்டியது, அவன் அடைத்தது, பள்ளிக்கூடத்தில் நான் பொய் சொன்னது.

அவர் மண்வெட்டியை மடையில் ஊன்றி நின்றார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"முந்தாநாள் டீ குடிச்சீங்களே. அப்ப சொல்லல."

"சொல்லல."

"நான் கதை சொன்னேன், கேட்டுகிட்டு இருந்தீங்க."

"ஆமா."

"எங்கப்பா சாகுற வரைக்கும் அந்த ஆளைத்தான் வஞ்சாரு. கடைசி நாள்கூட. பேரு தப்புன்னு தெரியாமயே போயிட்டாரு." குனிந்து மடையில் இன்னும் இரண்டு கொத்து வெட்டினார். தண்ணீர் வேகமெடுத்தது. மண்வெட்டியை வாய்க்காலில் அலசி, தன் வயலோரக் கொட்டகைச் சுவரில் சாத்தினார். கோபத்தில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா?" என்றார். "இன்னும் ஏழு வீடு இருக்கு. ரெண்டு வீடு பூட்டிக் கெடக்கு, மெட்ராஸ்ல இருக்காங்க. நம்பர் தர்றேன். மிச்சம் அஞ்சும் இங்கதான் இருக்கு. வாங்க."

முன்னால் நடந்தார். நான் பின்னால். குடையை விரிக்கத் தோன்றவில்லை. வரப்பு வழுக்கியது. இரண்டு இடத்தில் நான் தடுமாறியது அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நடையைக் குறைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னை ஒரு முறையும் சித்தப்பா என்று அழைக்கவில்லை.

முதல் வீடு பாக்கியத்தினுடையது. என் வயது இருக்கும். புருஷன் அந்த வருடத்துக்கு அடுத்த வருடம் நிலத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போனவர், இறந்து நாளாகிவிட்டது. தகரக் கதவைத் திறந்து, மழைக்குக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு கலியா, கூட?"

"மேலக் கரை வீட்டுக்காரரு. டெல்லியில இருந்தாரே. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

"ஐயோ, நனையிறாரே. உள்ள வாங்கய்யா, உள்ள வந்து உக்காந்து சொல்லுங்க." உள்ளே ஒரு நாற்காலியை முந்தானையால் துடைக்கப் போனாள்.

"வேணாம்மா. இங்கேயே நின்னு சொல்றேன்" என்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். கலியபெருமாள் கூரை விளிம்பில், சொட்டுக்கு அந்தப்புறம், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு மாதம் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் அப்போது உதவவில்லை.

"அந்த வருஷம் கரைய வெட்டுனது ஜமால் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.